ஊழியர்கள் 'மகிழ்ச்சி' என்று நிரப்பித் தந்த தாள்களை நம்பலாமா?

பணியிட ஆலோசனை: வாசகர் கடிதத்துக்கு நிறுவன உளவியல் ஆலோசகரின் பதில்

மத்தியத் தமிழகத்தின் பெரிய ஊர் ஒன்றிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவர் 36 வயதுப் பெண். மூன்று கிளைகளும் நானூறுக்கு மேற்பட்ட ஊழியர்களும் கொண்ட ஒரு ஜவுளி நிறுவனத்தில் மனிதவள அலுவலராகப் பணிபுரிகிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

நிறுவனத்தைத் தொடங்கிய முதலாளி இன்றும் தினமும் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். வெளிநாட்டில் மேலாண்மை படித்துத் திரும்பிய அவருடைய மகன், நிறுவனத்தின் பணியிடப் பண்பாடு எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி வாசகியிடம் கேட்டிருக்கிறார். இரண்டு வேலைகள் நடந்தன. இணையத்தில் கிடைத்த ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை மேலாளர்கள் மட்டும் நிரப்பினார்கள்; அதில் நிறுவனம் 'குடும்பப் பண்பாடு' கொண்டது என்று முடிவு வந்தது. அடுத்து, எல்லா ஊழியர்களுக்கும் 30 வாக்கியங்கள் கொண்ட தாள் தரப்பட்டது. சாப்பாட்டு இடைவேளையில் ஃப்ளோர் சூப்பர்வைசர்கள் அதைக் கொடுத்து, அவர்களே திரும்ப வாங்கினார்கள். 'பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும்' என்று தாளின் மேலே அச்சிட்டிருந்தாலும் பிரிவு, பாலினம், எத்தனை ஆண்டு வேலை என்ற மூன்றும் கேட்கப்பட்டிருந்தன. சராசரி 5-க்கு 4.3. ஒரு கிளையிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை.

ஆனால் சிலர் தாளின் அடியில் கையால் எழுதியிருந்தார்கள். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது. நாற்காலி போட்டிருந்தும் யாரும் உட்கார முடிவதில்லை. இரவில் பெண்கள் விடுதிக்குப் போகும் வேனில் ஒரு சூப்பர்வைசர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை. சராசரியைப் பார்த்து மகிழ்ந்த முதலாளி, குறிப்புகளைப் படித்ததும் கொதித்துப்போய், வருகைப் பதிவேட்டோடு கையெழுத்தை ஒப்பிட்டு எழுதியவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டார். தாள்களைக் கொடுக்கலாமா, மறுத்தால் தன் வேலை என்ன ஆகும், 4.3 என்ற எண்ணை நம்பலாமா, இவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பவர்கள் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஏன் கூட்டமாக வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று வாசகி கேட்கிறார். இதைவிட நல்ல படிவம் ஒன்றைப் பரிந்துரைத்தால் ஆடித் தள்ளுபடிக்கு முன்பே மறுபடியும் நடத்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. நாற்காலிக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் நடுவே ஒரே வரியில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன வேன் விவகாரம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. பண்பாட்டு மதிப்பீட்டை ஆறு மாதம் தள்ளி வைத்தாலும் எதுவும் கெட்டுவிடாது. இதைத் தள்ளி வைக்க முடியாது.

வேனைப் பற்றிய குறிப்பு

'அது கடை நேரத்துக்கு வெளியே நடப்பது, நமக்குச் சம்பந்தமில்லை' என்று உங்கள் பொது மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது தவறு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதைக் கடையின் சுவர்களுக்குள் நிறுத்தவில்லை. வேலையின் பொருட்டு நிறுவனம் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் அது சேர்த்தே சொல்கிறது. விடுதியை நடத்துவதும் உங்கள் நிறுவனம்தான் என்பதால் அங்கே நடப்பதற்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது கடினம். பெண்கள் விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. அதன்படி உங்கள் விடுதிக்கு உரிமம் பெறப்பட்டிருக்கிறதா என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

பெயரில்லாத ஒரு வரிக் குறிப்பு சட்டப்படியான புகார் ஆகாது என்று நீங்கள் கருதுவது சரிதான். பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலமாக, கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால், இத்தகைய புகார்களை நிறுவனத்துக்குள் விசாரிக்கும் உள்ளகக் குழு மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். எழுத இயலாதவருக்கு எழுத உதவ வேண்டியதும் குழுவே. ஆனால் புகார் வரும்வரை நிறுவனம் கைகட்டிக்கொண்டு இருக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பாதுகாப்பான பணிச்சூழலை உருவாக்குவதும், உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைப்பதும், ஊழியர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் அளிப்பதும், புகார் வந்தாலும் வராவிட்டாலும் முதலாளி செய்தாக வேண்டியவை.

உள்ளகக் குழுவுக்குத் தாங்களே தலைவர் என்றும், அது இதுவரை கூடியதில்லை என்றும், வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட உறுப்பினர் யாரென்று தெரியவில்லை என்றும் சொல்கிறீர்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இக்குழு கட்டாயம். மூத்த நிலையில் இருக்கும் பெண் தலைமை வகிக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், இத்துறையில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்திலிருந்தோ இவ்விஷயத்தில் அனுபவம் உள்ளவர்களிலிருந்தோ ஒருவர் வெளி உறுப்பினராக இருக்க வேண்டும். குழுவை அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், முறையாக அமையாத குழு ஒரு புகாரை விசாரித்து முடிவு சொன்னால் அந்த முடிவே எளிதாகக் கேள்விக்குள்ளாகும். அப்போது நியாயம் கிடைக்காமல் போவது புகார் செய்த பெண்ணுக்குத்தான்.

ஆகவே குழுவை முறையாகத் திருத்தி அமையுங்கள். வேனில் ஆண் சூப்பர்வைசர் உடன் செல்லும் வழக்கத்தையே நிறுத்தி, விடுதிக் காப்பாளரோ வேறொரு பெண் ஊழியரோ செல்லும்படி மாற்றுங்கள். இதை மூன்று கிளைகளுக்கும் பொதுவான ஏற்பாடாகச் செய்தால் யார்மீதும் தீர்ப்பு எழுதியதாக ஆகாது. சூப்பர்வைசர்கள் இல்லாத நேரத்தில் விடுதிப் பெண்களை வெளி உறுப்பினரோடு சந்தித்து, புகார் தருவது எப்படி, தந்தவரின் பெயர் எப்படிக் காக்கப்படும் என்று விளக்குங்கள். மகளிர் உதவி எண் 181-ஐயும் சொல்லுங்கள். 'அந்தக் குறிப்பை எழுதியது யார்' என்று மட்டும் கேட்காதீர்கள், நல்ல எண்ணத்தோடும் கேட்காதீர்கள். மனிதவளப் பொறுப்பு, குழுத் தலைமை, மதிப்பீடு நடத்தும் வேலை ஆகிய மூன்றும் ஒருவரிடமே இருப்பதும் ஊழியர்களை யோசிக்க வைக்கும். தகுதியான வேறு மூத்த பெண் அலுவலர் இருந்தால் குழுத் தலைமையை அவரிடம் ஒப்படைப்பது நல்லது.

தாள்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. அந்தத் தாள் நிறுவனத்தின் செலவில் அச்சிடப்பட்டதுதான், அதைக் கேட்கும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதிகாரம் யாருடையது என்று அவரோடு வாதிட்டு நீங்கள் வெல்லப்போவதில்லை. என்ன விளைவு வரும் என்பதைப் பேசுங்கள். எழுதியவர்களில் ஒருவரையாவது கண்டுபிடித்துக் கூப்பிட்டுக் கேட்டால், அன்று மாலைக்குள் மூன்று கிளைகளுக்கும் செய்தி போய்விடும். அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு இந்த நிறுவனத்தில் யாரும் எந்தத் தாளிலும் உண்மையை எழுதமாட்டார்கள். வேன் குறிப்பை எழுதியவர் அவர்களில் ஒருவராக இருந்துவிட்டால், புகார் செய்ய இருந்த பெண்ணை மிரட்டியதாகவே அது பார்க்கப்படும்.

ரகசியம் என்ற வாக்குறுதியைத் தாங்கள் முழுமையாகக் காத்ததாக நினைக்கிறீர்கள். அதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. பெயர் கேட்காமல் இருப்பது ஒன்று. ஆளை அடையாளம் காண வழியில்லாமல் செய்வது வேறு. 'பட்டுப் பிரிவு, ஆண், 15 ஆண்டுகளுக்கு மேல்' என்று மூன்று கட்டங்களை ஒருவர் நிரப்பினால் அவர் தன் பெயரை எழுதியது போலத்தான். உங்கள் ஊழியர்களுக்கு இது அன்றே புரிந்திருக்கும். இத்தகைய ஆய்வுகளில் ஐந்து பேருக்கும் குறைவான குழுவின் முடிவைத் தனியாகப் பிரித்து வெளியிடுவதில்லை. பல இடங்களில் பத்துப் பேர் என்று வரம்பு வைக்கிறார்கள். நீங்கள் முதலாளியின் மகனுக்கு அனுப்பியிருக்கும் எக்செல் கோப்பில் மூன்று விவரங்களும் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனி வரிசையாக இருக்குமானால், அதை உடனே திரும்பப் பெற்றுக் கிளைவாரித் தொகுப்பாக மட்டும் கொடுங்கள். கையெழுத்தை ஒப்பிடவே தேவையில்லாமல் அந்தக் கோப்பிலிருந்தே சிலரைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலாளியிடம் வெறுமனே முடியாது என்று சொல்லிவிட்டு வராமல், அதற்கு ஈடாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாக் குறிப்புகளையும் தட்டச்சு செய்து, ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை நீக்கி, பொருள்வாரியாகத் தொகுத்து இரண்டு பக்கத்தில் கொடுங்கள். வேன் குறிப்பு உள்ள தாளை உறையிலிட்டு முத்திரை வைத்து, திருத்தி அமைக்கப்பட்ட குழுவின் பொறுப்பில் வையுங்கள்; அது பின்னால் தேவைப்படலாம், அழிக்கக் கூடாது. மற்றத் தாள்களை, மகனின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு அழித்துவிடலாம். எதிர்ப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் வாக்குறுதியைக் காப்பாற்றும் வழி இதுவே.

முதலாளியின் கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் அவர்மேல் கொஞ்சம் கடுமை தெரிகிறது. சிறு கடையாகத் தொடங்கி, பலருக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தந்து, ஊழியர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிற ஒருவர், பெயரில்லாத ஒரு குறிப்பை நன்றிகெட்ட செயலாகவே முதலில் பார்ப்பார். அது இயல்பு. இரண்டு நாள் கழித்து, மகனும் உடனிருக்கும்போது பேசுங்கள்; கடையில், மற்றவர்கள் பார்க்கும்படி பேச வேண்டாம்.

4.3 என்ற எண்ணும் குறையே இல்லாத கிளையும்

பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் கல்யாண வீட்டுக்காரர் வந்து 'சாப்பாடு எப்படி' என்று கேட்டால் என்ன பதில் வரும்? உங்கள் தாளுக்கும் அந்தப் பதில்தான் வந்திருக்கிறது. லீவு கொடுப்பவர், பிரிவை மாற்றுபவர், இன்சென்டிவ் கணக்கை எழுதுபவர் சூப்பர்வைசர். அவரே எதிரில் நின்று தாளைக் கொடுத்து வாங்கும்போது 5-ஐ வட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம். தவிர, 30 வாக்கியங்களும் 'என் மேலாளர் என்னை மதிக்கிறார்' என்ற பாணியில் நல்லதாகவே இருந்தன என்கிறீர்கள். எல்லாமே ஒரே திசையில் இருந்தால், படித்தவர்களும் படிக்காதவர்களும் ஆமாம் போட்டுக்கொண்டே போய்விடுவார்கள். தாள்களை அழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: முப்பதுக்கும் ஒரே எண்ணை வட்டமிட்ட தாள்கள் எத்தனை? குறையே வராத கிளையில் அவை அதிகமாக இருந்தால் நான் வியப்படையமாட்டேன்.

அந்தக் கிளையே சிறந்தது, மற்ற இரண்டும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். பொறுத்திருங்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மன்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களிலேயே தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் அதிகம் நடந்ததால் அல்ல, நடந்ததை அஞ்சாமல் சொல்ல முடிந்ததால்தான் அப்படி என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். பேசினால் தண்டனை வராது என்ற நம்பிக்கையை, 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் 1999-இல் அவர் விரிவாக எழுதினார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது உங்களுடைய குறையில்லாக் கிளையைத்தான்.

'குடும்பப் பண்பாடு' என்ற முடிவு

மேலாளர்கள் நிரப்பிய படிவத்தை உங்கள் விவரிப்பிலிருந்து அடையாளம் காண முடிகிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் கிம் கேமரனும் ராபர்ட் குவினும் உருவாக்கியது அது. ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றிலும் நான்கு விவரிப்புகளுக்கு 100 புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இப்போது எப்படி, இனி எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு முறை நிரப்ப வேண்டும். குடும்பம் போன்றது, புதுமை நாடுவது, போட்டியும் விற்பனையும் முதன்மையானது, விதிமுறையும் படிநிலையும் கொண்டது என்று நான்கு வகைகள் கிடைக்கும். மோசமான படிவம் அல்ல. பலர் உட்கார்ந்து பேச ஒரு தொடக்கமாக நன்றாகவே பயன்படும்.

ஆனால் இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. நான்கில் எதுவும் மதிப்பெண் அல்ல, வகை மட்டுமே. 'குடும்பம்' என்று வந்ததால் நிறுவனம் நல்லது என்று ஆகாது. அடுத்தது, அதை நிரப்பியவர்கள் மேலாளர்கள் மட்டும். அவர்களில் பலர் முதலாளியின் உறவினர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு இது உண்மையாகவே குடும்பம்தான். அதே படிவத்தைப் பில்லிங், பேக்கிங், குடோன் ஊழியர்களிடமும் தனியாகக் கொடுத்துப் பார்த்திருந்தால், இரண்டு முடிவுகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் மதிப்பீட்டின் மிக முக்கியமான கண்டுபிடிப்பாக இருந்திருக்கும். ஒரே நிறுவனத்தில் ஒரே பண்பாடுதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பட்டுப் பிரிவின் மூத்த விற்பனையாளருக்கும் மூன்று மாதத்துக்கு முன்பு சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் அது இரண்டு வேறு நிறுவனங்கள்.

நாற்காலி சொல்வது

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எட்கர் ஷைன், நிறுவனப் பண்பாட்டை மூன்று நிலைகளாகப் பிரித்தார்: கண்ணால் காணக்கூடியவை, வாயால் சொல்லப்படும் கொள்கைகள், சொல்லாமலே எல்லோரும் உண்மையென எடுத்துக்கொண்டிருக்கும் அனுமானங்கள். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் ஆட்டிவைக்கிறது, அதைக் கேள்வித்தாளால் எட்ட முடியாது என்பது அவருடைய வாதம். நான் இந்தத் துறையில் பார்த்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி.

உங்கள் கடையின் நாற்காலிகளை வைத்தே இதைப் பாருங்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பில் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்று சேர்த்தது. கேரளம் இதை 2018-லேயே செய்திருந்தது. நாள் முழுவதும் நின்றே விற்கும் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களின் கால் வலியும் நரம்புச் சுருட்டலும் இதற்குப் பின்னால் இருக்கும் கதை. உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறது. அது முதல் நிலை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது, அது இரண்டாவது. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகலிலும் ஒருவரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தவரை யாரும் திட்டியதாகவும் தெரியவில்லை, ஆனால் 'உட்கார்ந்தால் சோம்பேறி என்று பேர் வரும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுதான் மூன்றாவது நிலை. ஒரு வரிக் குறிப்பு உங்கள் 30 வாக்கியங்களைவிட அதிகம் சொல்லிவிட்டது.

எனவே புதிய படிவம் வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஒன்றை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்தும்போது அவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர், உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டவர், பில்லில் தவறு நடந்ததைத் தானே வந்து சொன்னவர், சூப்பர்வைசரைப் பற்றிப் புகார் சொன்னவர் ஆகியோர் அடுத்த ஆறு மாதத்தில் எந்தப் பிரிவில் இருந்தார்கள், இன்சென்டிவ் என்ன ஆனது, இப்போது வேலையில் இருக்கிறார்களா? இதற்கான விடைகள் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன: வருகைப் பதிவேடு, சம்பளப் பிடித்தப் பதிவு, மறுக்கப்பட்ட லீவு விண்ணப்பங்கள், பிரிவு மாற்ற ஆணைகள், கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையை விட்டவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலைக் கிளைவாரியாக மட்டும் பார்க்காமல், சூப்பர்வைசர்வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, நெருக்கடியில் முதலாளி முதலில் எதைக் கேட்டார், புதிதாகச் சேர்ந்தவருக்கு மூத்தவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் கதைகள் என்ன என்பவற்றையும் ஷைன் முக்கியமாகக் கருதினார்.

பதிவேடுகளுக்குப் பிறகு பேச்சு. 'நம் பண்பாடு எப்படி' என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. குறிப்பான ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நல்ல சிக்கல் ஒன்று தயாராக இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் ஏன் நிற்கிறார்கள்? ஒரே படிநிலையில் இருக்கும் ஆறேழு பேரை, சூப்பர்வைசர் கலக்காமல், கடைக்கு வெளியே ஓர் இடத்தில், வேலை நேரமாகவே கணக்கிட்டு உட்கார வைத்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். முடிந்தால் வெளியாள் ஒருவர் கேட்கட்டும். ஏற்கெனவே விலகிப் போனவர்கள் சிலரிடம் தொலைபேசியில் பேசுங்கள். போனஸும் பாக்கிச் சம்பளமும் கைக்கு வந்துவிட்டவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள். நீங்கள் நினைப்பதுபோல் அவர்கள் போனஸ் பணத்துக்காகக் காத்திருந்து ஏமாற்றியவர்கள் அல்ல. எப்போதோ எடுத்துவிட்ட முடிவைப் பணம் வரும் நாள்வரை தள்ளிப்போட்டவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள்; ஆகவே முடிவெடுத்த மாதம் எது என்று கேளுங்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்பு எதையும் நடத்தாதீர்கள். சரக்கு இறங்கும் நேரத்தில் கேட்டால் களைப்பைத்தான் அளப்பீர்கள். பொங்கல் விற்பனை அடங்கிய பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ தொடங்கலாம். அதற்கு முன்பு ஒரு மாற்றமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல்.

உடனே திருத்தக்கூடிய ஒன்று

அந்த மாற்றம் அரை நாள் சம்பளப் பிடித்தமாக இருக்கட்டும். பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் பிடிப்பது நிறுவனத்தின் உரிமை, ஊழியர்கள் சேரும்போதே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வராத நேரத்துக்கான பிடித்தம், அந்த நேரத்தின் விகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. தாமதத்துக்கு அபராதம் என்று தனியாக வைத்தால், எந்தச் செயல்களுக்கு அபராதம் என்பது முன் அனுமதி பெற்று அறிவிப்பாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஊழியரின் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், மொத்தம் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சட்டம் தந்த பாதுகாப்பை ஊழியரின் கையெழுத்து ரத்துசெய்துவிடாது.

வேலை நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டின் கடைகள் சட்டப்படி வழக்கமான வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு. அரை மணிச் சாப்பாட்டு இடைவேளையோடு காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு எங்குமே பொருந்தவில்லை. தொழிலாளர் துறை ஆய்வுக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கொண்டு சரிசெய்யச் சொல்லுங்கள். முதலாளியிடம் இதைப் பண்பாடு என்ற பெயரில் பேசாமல், வழக்கு வந்தால் ஆகும் செலவு என்ற பெயரில் பேசினால் காரியம் விரைவில் நடக்கலாம். வியாபாரிக்கு அது புரியும். அதில் தவறும் இல்லை.

உங்கள் வேலை

மறுத்தால் வேலை போகுமா என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று நான் சொல்லப்போவதில்லை. போகலாம். ஆனால் இப்போதே ராஜினாமா செய்வதை நான் ஆதரிக்கவில்லை. வேன் விஷயத்தில் அந்தப் பெண்களுக்குத் தற்போது நிறுவனத்துக்குள் இருக்கும் ஒரே வழி நீங்கள்தான். மகன் இதுவரை வாய் திறக்கவில்லை என்பதை நீங்கள் கோழைத்தனமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டைக் கேட்டவர் அவர். அப்பாவை எதிர்த்துப் பேசாமல் தனக்குச் சாதகமான ஒரு காகிதத்துக்காக அவர் காத்திருக்கவும் கூடும். பொருள்வாரித் தொகுப்பையும் சட்டப்படி சரிசெய்ய வேண்டியவற்றையும் முதலில் அவரிடம் காட்டி, அவர் மூலமாக எடுத்துச் செல்லுங்கள்.

ரகசிய வாக்குறுதியையும் தாள்களை ஏன் ஒப்படைக்க முடியாது என்பதையும் விளக்கி, மரியாதையான மொழியில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அலுவலக மின்னஞ்சலில் இருவருக்கும் அனுப்புங்கள். அதில் வேன் குறிப்பின் வாசகத்தை எழுத வேண்டாம். பெண்கள் பாதுகாப்பு தொடர்பான ஒன்று உள்ளகக் குழுவின் கவனத்துக்குப் போகிறது என்பது போதும். தாள்களைப் பாதுகாப்பு கருதி வீட்டுக்கு எடுத்துச்செல்லாதீர்கள், செல்பேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை பிரச்சினை என்று வந்தால் உங்கள் மேல் திருப்பப்படும் முதல் குற்றச்சாட்டு அதுவாக இருக்கும். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், இதுவரை கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகள் உங்களிடம் இருக்கட்டும். வாய்மொழியாகத் திரும்பவும் உத்தரவு வந்தால் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால், பதில் அனுப்புவதற்கு முன்பு தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.